துபாய்க்குச் சுற்றிப்பார்க்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்: போக்குவரத்தும் பழக்கவழக்கமும்

என் மகன் துபாயில் வேலை பார்க்கிறான். அவன் வீட்டுக்கு இரண்டு முறை, மொத்தம் ஏறக்குறைய மூன்று மாதம், விசிட் விசாவில் போய் இருந்துவிட்டு வந்தேன். அவன் காலையிலேயே அலுவலகம் போய்விடுவதால், நானும் என் மனைவியும் பெரும்பாலும் தனியாகவே மெட்ரோ, பஸ், படகு என்று ஊரைச் சுற்றினோம். மன்னார்குடிக்குத் திரும்பிய பிறகு, பிள்ளைகளைப் பார்க்கப் புறப்படும் பெற்றோர்கள் ஒவ்வொருவராக வந்து ஒரே சந்தேகங்களையே கேட்டுக்கொண்டிருந்ததால், கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதிப் பதிலையும் சேர்த்து வைத்தேன். கட்டணங்களும் அபராதங்களும் நான் அங்கே இருந்தபோது இருந்தவை.

துபாய் என்பது நாடா, ஊரா? அபுதாபி தனி நாடா?

நாட்டின் பெயர் ஐக்கிய அரபு அமீரகம். 1971 டிசம்பர் 2 அன்று ஆறு அமீரகங்கள் சேர்ந்து உருவாக்கியது. அடுத்த ஆண்டு ராசல் கைமாவும் சேர்ந்து ஏழானது. துபாய், அபுதாபி, ஷார்ஜா ஆகியவை அந்த ஏழில் மூன்று. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக விசாவோ சோதனைச் சாவடியோ கிடையாது. ஆனால் பஸ் அட்டை முதல் மது விதி வரை ஒவ்வோர் அமீரகத்துக்கும் தனித்தனி நடைமுறை உண்டு. பின்னால் வரும் சில பதில்கள் இதை வைத்துத்தான் புரியும்.

ஏர்போர்ட்டில் இறங்கி மெட்ரோவிலேயே வீட்டுக்குப் போய்விடலாமா?

முதல் முனையத்திலும் மூன்றாம் முனையத்திலும் இறங்கினால் போகலாம். இரண்டுக்கும் சிவப்புத் தடத்தில் நிலையங்கள் உள்ளன. இரண்டாம் முனையத்தில் மெட்ரோ இல்லை. ஆகவே பயணச்சீட்டில் முனையத்தின் எண்ணைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பெரிய பெட்டி ஒன்று, சிறிய பை ஒன்று என்ற அளவுக்குத்தான் மெட்ரோவில் அனுமதி. அரிசி முறுக்கும் ஊறுகாயும் அடைத்த நான்கு பெட்டிகளோடு இறங்குகிற நம்மவர்களுக்கு அது ஒத்துவராது. நள்ளிரவில் வந்து சேரும் விமானங்களுக்கும் மெட்ரோ உதவாது. அப்படி வருகிறவர்கள் வாசலில் வரிசையில் நிற்கும் அரசு டாக்சியில் ஏறிக்கொள்ளலாம். விமான நிலையத்தில் ஏறினால் மீட்டர் 25 திர்ஹத்தில் தொடங்கும். திர்ஹம் என்பது அங்குள்ள பணம்.

நோல் கார்டு, நோல் கார்டு என்கிறார்களே, அது இல்லாமல் காசு கொடுத்துப் போக முடியாதா?

முடியாது. மெட்ரோ, டிராம், பஸ் எதிலும் நடத்துநர் என்று ஒருவர் கிடையாது. பஸ் ஓட்டுநர் கையில் காசு வாங்கமாட்டார். நோல் என்ற அரபுச் சொல்லுக்குப் பயணக் கட்டணம் என்றே பொருள். மெட்ரோ நிலையங்களில் விற்கும் வெள்ளி நிற அட்டையின் விலை 25 திர்ஹம். அதில் 19 திர்ஹம் பயணத்துக்கான தொகையாக உள்ளேயே இருக்கும். கட்டணத்துக்காக ஊரை மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரே மண்டலத்துக்குள் பயணம் செய்தால் 3 திர்ஹம், பக்கத்து மண்டலம் வரை 5, அதற்கும் மேல் 7.50. இரண்டொரு நாள் மட்டும் தங்குகிறவர்களுக்குச் சிவப்பு நிறக் காகிதச் சீட்டு இருக்கிறது, ஆனால் அதில் ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு திர்ஹம் கூடுதல். ஒரு வாரத்துக்கு மேல் இருப்பவர்கள் வெள்ளி அட்டையையே வாங்குங்கள்.

ஏறும்போது அட்டையைக் கருவியில் தொட்டுக் காட்டுவது போல, இறங்கும்போதும் காட்ட வேண்டும். மெட்ரோவில் கதவு மறித்துக்கொண்டு நிற்பதால் மறக்க வாய்ப்பில்லை. பஸ்ஸில்தான் நம்மவர்கள் மறந்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். அப்போது எவ்வளவு தூரம் போனோம் என்று கருவிக்குத் தெரியாததால் உச்சக் கட்டணத்தைப் பிடித்துக்கொள்கிறது. மெட்ரோவில் இறங்கி அரை மணி நேரத்துக்குள் பஸ் ஏறினால் இரண்டையும் ஒரே பயணமாகவே கணக்கிடுவார்கள் என்பது நமக்குச் சாதகமான செய்தி.

புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் ஒரே கார்டு போதாதா?

போதாது. ஒரே நேரத்தில் ஓர் அட்டையில் ஒருவர்தான் போகலாம், ஏனெனில் உள்ளே நுழைந்த அட்டை வெளியே வரும் வரை பயணத்தில் இருப்பதாகவே கணக்கு. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அட்டை வேண்டாம்.

ஓட்டுநரே இல்லாமல் ஓடுகிற ரயில் என்கிறார்கள், ஏறுவதற்குப் பயமாக இருக்காதா?

2009 செப்டம்பர் 9 இரவு 9 மணி 9 நிமிடத்தைப் பார்த்துத் தொடங்கிவைத்த மெட்ரோ அது. அன்றிலிருந்தே ஓட்டுநர் இல்லாமல்தான் ஓடுகிறது. நடைமேடையின் விளிம்பு முழுவதும் கண்ணாடிச் சுவர் இருப்பதால் தண்டவாளத்தில் விழவும் முடியாது. பயப்பட வேண்டியது வழி தவறுவதற்கு மட்டுமே. சிவப்புத் தடமும் பச்சைத் தடமும் யூனியன், புர்ஜுமான் ஆகிய இரண்டு நிலையங்களில் சந்திக்கின்றன. இந்த இரண்டு பெயர்களை மனப்பாடம் செய்துகொண்டால் பாதி ஊர் கைவசம்.

இன்னொரு சிக்கல், நிலையங்களின் பெயர் உரிமையை வணிக நிறுவனங்களுக்கு விற்பதால் பெயர்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. பத்து வருடத்துக்கு முன் போய் வந்த மச்சான் ‘ராஷிதியாவில் இறங்கு’ என்று சொல்லி அனுப்புவார். நீங்கள் தேடினால் அந்தப் பெயரே பலகையில் இருக்காது. அது இப்போது சென்டர்பாயின்ட். பழைய பெயர்களை நம்பாமல், புறப்படுகிற அன்று வரைபடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தெரியாமல் பெண்கள் பெட்டியில் ஏறிவிட்டால் என்ன ஆகும்?

நானே ஏறியிருக்கிறேன். புர்ஜுமானில் மாலை நெரிசலில் மனைவியின் பின்னால் போய் நின்றேன். ரயில் நகர்ந்த பிறகுதான் சுற்றிலும் பெண்களும் குழந்தைகளுமாக இருப்பதும், தரையில் இளஞ்சிவப்புக் கோடு ஓடுவதும் கண்ணில் பட்டன. ஒரு பிலிப்பினோ பெண் எதுவும் சொல்லாமல் அந்தக் கோட்டை விரலால் சுட்டிக்காட்டினார். நான் இரண்டடி எடுத்துக் கோட்டைத் தாண்டி நின்றுகொண்டேன். பரிசோதகர் வந்திருந்தால் 100 திர்ஹம் போயிருக்கும். நடைமேடையிலேயே அந்தப் பெட்டி நிற்கும் இடம் இளஞ்சிவப்பு நிறத்தில் குறிக்கப்பட்டிருக்கும். தங்க நிற அட்டைக்காரர்களுக்கென உள்ள பெட்டியும் அப்படித்தான். அதில் இரட்டிப்புக் கட்டணம், வெள்ளி அட்டையோடு ஏறினால் அபராதம்.

ரயிலில் தண்ணீர் குடித்தால்கூட அபராதமாமே, நிஜமா?

நிஜம்தான். மெட்ரோவுக்குள் சாப்பிடுவதற்கும் குடிப்பதற்கும் 100 திர்ஹம், இருக்கையில் கால் வைத்தால் 100, எச்சில் துப்பினால் 200, கட்டணம் செலுத்தாமல் பயணம் செய்தால் 200, தூங்கத் தடையுள்ள இடங்களில் படுத்துத் தூங்கினால் 300. சூயிங்கம்மும் இதில் சேரும். பரிசோதகர்கள் கையடக்கக் கருவியோடு பெட்டிகளுக்குள் வருவதை நான் பலமுறை பார்த்தேன். குரலை உயர்த்தாமல் பேசுகிறார்கள்; ஆனால் ‘ஊருக்குப் புதுசு’ என்று சொல்லிக் கெஞ்சியவரிடமும் ரசீதைத்தான் நீட்டினார்கள்.

எழுதிப்போட்ட விதிகளில் எனக்குச் சிரமமே இருக்கவில்லை, பலகையைப் படித்தால் தெரிந்துவிடும். பலகையில் இல்லாத வழக்கங்களில்தான் தடுமாறினேன். அவை கடைசிப் பகுதியில் வருகின்றன.

பஸ்ஸில் போவது பாதுகாப்பா? மெட்ரோ போகாத இடத்துக்கு என்ன செய்வது?

பஸ் நல்ல வசதி. பல நிறுத்தங்கள் கண்ணாடி அறை போலக் குளிரூட்டப்பட்டவை. முன்பக்க இருக்கைகள் பெண்களுக்கானவை. ஊரின் இன்னொரு முகத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள் காலை ஆறு மணிக்கு எழுந்து சாலைக்கு வாருங்கள். தொழிலாளர் குடியிருப்புகளிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு வரும் கம்பெனி பஸ்களில் ஜன்னலுக்கு ஜன்னல் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டு போகிறவர்களில் நம் மாவட்டத்துப் பிள்ளைகளும் உண்டு. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை திறந்தவெளி வேலை அங்கே சட்டப்படி தடை. வெயில் எப்படி இருக்கும் என்று கேட்கிறவர்களுக்கு இந்த ஒரு தகவலே பதில். முடிந்தால் நவம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையே போங்கள்.

ஒரு ரூபாய் படகு என்று ஒன்று இருக்கிறதாமே?

ஒரு ரூபாய் இல்லை, ஒரு திர்ஹம். துபாய் க்ரீக் என்னும் உப்பங்கழியின் ஒரு கரையில் தேரா, மறு கரையில் பர் துபாய். இடையே ஓடும் மரப் படகுக்கு அப்ரா என்று பெயர். தரையிலிருந்து 828 மீட்டர் உயர்ந்த புர்ஜ் கலீஃபா கோபுரத்தைப் பார்க்க எல்லோரும் ஓடுகிறார்கள். என்னைக் கேட்டால் துபாயில் பார்க்க வேண்டிய முதல் பொருள் இந்தப் படகுதான்.

தட்டையான பலகை மேடையில் பயணிகள் இரண்டு வரிசையாக, முதுகோடு முதுகு வைத்து, தண்ணீரைப் பார்த்தபடி உட்கார்ந்துகொள்ள வேண்டும். நடுவே ஒரு பள்ளத்தில் இன்ஜினும் படகோட்டியும். கைப்பிடிச் சுவர் எதுவும் இல்லை, காலுக்குக் கீழே ஓரடி தூரத்தில் தண்ணீர். படகு கரையை விட்டு நகர்ந்த பிறகு, பயணிகள் காசைக் கைமாற்றிக் கைமாற்றிப் படகோட்டியிடம் சேர்க்கிறார்கள். ஐந்து திர்ஹம் தாள் கொடுத்தவருக்கு மீதி நான்கு நாணயங்கள் அதே வழியாக நான்கு கைகள் மாறித் திரும்பி வரும், ஒன்றும் குறையாது. எங்கும் அட்டையைத் தொட்டுக் காட்டிப் பழகிய ஊரில் கைக்குக் கை காசு போவதைப் பார்ப்பதே எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. ஆகவே சில்லறையாகச் சில ஒரு திர்ஹம் நாணயங்களை வைத்துக்கொள்ளுங்கள். கூஜா போன்ற படம் பொறித்த நாணயம். அந்தக் கூஜா என்ன என்பதைக் காபி பற்றிய பதிலில் சொல்கிறேன்.

டாக்சியில் ஏமாற்றுவார்களா? தனியார் கார்க்காரர் குறைவாகக் கேட்கிறாரே, ஏறலாமா?

அரசு டாக்சிகள் எல்லாமே மீட்டர்படிதான் ஓடுகின்றன. பேரம் என்ற பேச்சே இல்லை. வெளிர் மஞ்சள் கலந்த வெள்ளை நிறமும், கம்பெனிக்கு ஒரு நிறமாகக் கூரையும் இருக்கும். இளஞ்சிவப்புக் கூரை போட்டது பெண்களுக்கும் குடும்பங்களுக்குமானது, ஓட்டுகிறவரும் பெண். வழியில் சாலிக் என்னும் சுங்க வளைவைக் கடந்தால் அந்தத் தொகையும் கட்டணத்தில் சேரும், அதைப் பார்த்து ஏமாற்றுகிறார் என்று நினைத்துவிடாதீர்கள்.

தனியார் காரில் ஆள் ஏற்றுவதைக் ‘கார் லிஃப்ட்’ என்று நம்மவர்கள் சொல்கிறார்கள். அனுமதி இல்லாமல் அப்படி ஏற்றுவது சட்டவிரோதம். விசிட்டில் போன நமக்கு அந்த வம்பு வேண்டாம்.

சாலையைக் கடப்பதில் என்ன இருக்கிறது, அதையும் சொல்கிறீர்களே?

வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடுகின்றன. நாம் பிறந்தது முதல் வலப்பக்கம் பார்த்து இறங்கிப் பழகியவர்கள். அங்கே முதலில் இடப்பக்கம் பார்க்க வேண்டும். இரண்டாவது பயணத்தில்கூட என் கழுத்து தப்பான பக்கமே திரும்பியது. குறியிடாத இடத்தில் கடந்தால் 400 திர்ஹம் அபராதம். ஷேக் சயீத் சாலை போன்ற பெருஞ்சாலைகளை நடந்து கடக்கவே முடியாது, மெட்ரோ நிலையத்தின் நடைமேம்பாலம்தான் வழி. அதற்கு அட்டை தேவையில்லை.

ஷார்ஜா, அபுதாபி போக இதே கார்டு செல்லுமா?

துபாயிலிருந்து புறப்படும் துபாய் பஸ்ஸில் செல்லும். அபுதாபிக்கு அல் குபைபாவிலிருந்து இ100, இபின் பதூத்தாவிலிருந்து இ101, கட்டணம் 25 திர்ஹம். அங்கே இறங்கி ஊருக்குள் சுற்ற நோல் உதவாது, ஹஃபிலாத் என்னும் அவர்களது அட்டையை வாங்க வேண்டும். முதல் பதிலில் சொன்ன ‘தனித்தனி நடைமுறை’ இதுதான்.

ஷார்ஜா தொட்டுவிடும் தூரத்தில் இருந்தாலும் மாலை ஐந்து மணிக்குமேல் அந்தச் சாலையில் மாட்டினால் ஒன்றரை மணி நேரம் ஆகலாம். அங்கே மது அறவே கிடையாது. துபாயில் உரிமம் பெற்ற இடங்களில் 21 வயது ஆனவர்கள் அருந்தலாம் என்பதை வைத்துக்கொண்டு ஷார்ஜாவில் அதே நினைப்பில் நடக்கக் கூடாது.

ஹிந்தியும் தெரியாது, இங்கிலீஷும் அரைகுறை. சமாளிக்க முடியுமா?

முடியும். பலகைகளும் அறிவிப்புகளும் அரபிக்கு அடுத்து ஆங்கிலத்தில் வரும். கராமாவிலும் தேராவிலும் மளிகைக் கடையில் மலையாளம், கொஞ்சம் தேடினால் தமிழ். டாக்சி ஓட்டுகிறவர்களில் பாகிஸ்தானியர் பலர். அவர்கள் உருது பேசுவார்கள். முன்பின் தெரியாத யாரையும் ‘பாய்’ என்று கூப்பிடுகிறார்கள். நம் பக்கம் அது முஸ்லிம் பெரியவரைக் குறிக்கும், அங்கே அண்ணன் தம்பி என்ற பொருளில் எல்லோருக்கும் பொது. என்னையும் ஒருவர் பாய் என்றபோது திருநீற்றோடு நின்ற நான் ஒரு கணம் திரும்பிப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை எல்லாம் மூடிவிடுமா?

2022 தொடங்கி அங்கே அரசு அலுவலகங்களுக்குச் சனி, ஞாயிறு விடுமுறை, வெள்ளி அரை நாள். ஷார்ஜாவில் வெள்ளி முழு நாளும் விடுமுறை. வெள்ளி நண்பகல் தொழுகை நேரத்தில் பல கடைகள் மூடியிருக்கும். பள்ளிவாசல்களைச் சுற்றி நெரிசலும் இருக்கும். ஞாயிறு காலை மெட்ரோ எட்டு மணிக்குத்தான் தொடங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வேட்டி கட்டிக்கொண்டு வெளியே போகலாமா? பெண்கள் முக்காடு போட வேண்டுமா?

தெருவிலும் கடைவீதியிலும் பெண்களுக்கு முக்காடு கட்டாயமில்லை. சேலை, சுடிதார் எதற்கும் யாரும் முகம் சுளிக்கவில்லை. வேட்டியில் நான் கோயிலுக்குப் போய் வந்தேன், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மடித்துக் கட்டியபடி பொது இடத்தில் நடப்பதைத் தவிர்ப்பது மரியாதை. முழங்காலும் தோளும் மூடியிருக்க வேண்டும் என்பதே பொதுவான எதிர்பார்ப்பு. அபுதாபி ஷேக் சயீத் பெரிய பள்ளிவாசலில் மட்டும் பெண்கள் தலையை மூட வேண்டும், கையும் காலும் முழுதாக மறைய வேண்டும். அங்கே நுழைவு இலவசம், முன்பதிவு செய்துகொள்ளுங்கள்.

அரபுக்காரரைப் பார்த்தால் கை கொடுக்கலாமா, கும்பிடலாமா?

ஆண்களுக்குள் கை கொடுக்கலாம்; வலக்கை. பெண்களிடம் நாமாகக் கை நீட்டக் கூடாது, அவர் நீட்டினால் கொடுக்கலாம். நீட்டாமல் நெஞ்சில் கை வைத்துத் தலையசைத்தால் அது அவமதிப்பன்று, வணக்கம்தான். நாமும் அப்படியே செய்தால் போதும். அமீரகத்து ஆண்கள் தமக்குள் மூக்கோடு மூக்கைத் தொட்டுக்கொள்வதைப் பார்த்துச் சிரித்துவிடாதீர்கள், அது அவர்களது மரபு.

போட்டோ எடுத்தால் பிடித்துவிடுவார்களா?

கட்டடத்தையும் கடலையும் எடுக்கலாம். அனுமதியில்லாமல் பிறரைப் படம் எடுப்பதும் அதை வெளியிடுவதும் அங்கே குற்றம். குடும்பத்தோடு இருக்கும் உள்ளூர்ப் பெண்கள் பின்னணியில்கூட விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ராணுவ, அரசு இடங்கள் பக்கம் கைப்பேசியைத் தூக்கவே வேண்டாம்.

நோன்பு மாதத்தில் போகலாமா, பட்டினி கிடக்க வேண்டியதுதானா?

தாராளமாகப் போகலாம். ரமலான் ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ 11 நாள் முன்னதாக வரும். 2026இல் பிப்ரவரி நடுவில் தொடங்கியது. பகலில் துபாயின் பல உணவகங்கள் திறந்திருக்கின்றன. தெருவில் நடந்தபடி சாப்பிடுவதும் குடிப்பதும் மட்டும் வேண்டாம். அந்திப் பொழுதில் பீரங்கி வெடித்ததும் நோன்பு திறக்கிறார்கள். பள்ளிவாசல்களில் வருகிற யாருக்கும் உணவு கொடுக்கிறார்கள். தேராவில் ஒரு பள்ளிவாசலில் தஞ்சை, திருவாரூர்ப் பக்கத்தார் ஊர் நோன்புக் கஞ்சியையே காய்ச்சி ஊற்றினார்கள். நானும் ஒரு குவளை குடித்தேன்.

பொடி, ஊறுகாய், மாத்திரை எல்லாம் கொண்டுபோகலாமா? அங்கிருந்து வாட்ஸப்பில் பேசலாமா?

கசகசா ஒரு சிட்டிகைகூடக் கொண்டுபோகாதீர்கள். அங்கே போதைப்பொருள் பட்டியலில் இருக்கிறது. குருமாப் பொடி அரைத்துக் கொடுத்தனுப்புகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். கோடீன், டிரமடால் கலந்த மாத்திரைகளுக்கு முன்அனுமதி வேண்டும். மற்ற மாத்திரைகளுக்கும் மருத்துவர் சீட்டோடு செல்லுங்கள். வாட்ஸப்பில் எழுதலாம், ஆனால் அழைப்பு எடுக்காது. அங்குள்ளவர்கள் போட்டிம் என்னும் செயலியில் பேசுகிறார்கள்.

‘இன்ஷா அல்லாஹ்’ என்கிறார்களே, அது சம்மதமா, மறுப்பா?

இறைவன் நாடினால் என்பது பொருள். குரலை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நேரத்தைச் சொல்லிவிட்டு அதைச் சேர்த்தால் வருவார். நேரமே சொல்லாமல் அதை மட்டும் சொன்னால் நம் ஊரில் ‘பாக்கலாம்’ என்பார்களே, அந்த வகை.

உள்ளூர்க்காரர் வீட்டுக்குக் கூப்பிட்டால் எப்படி நடந்துகொள்வது?

மகனுடன் வேலை பார்க்கும் அமீரகத்தவர் ஒருவர் எங்களை அழைத்திருந்தார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு மஜ்லிஸ் என்னும் வரவேற்பறையில் உட்கார்ந்தோம். நாணயத்தில் பார்த்த அந்தக் கூஜா அப்போது நேரிலேயே வந்தது. அதன் பெயர் தல்லா. நீண்ட மூக்குள்ள காபிக் குடுவை. இடக்கையில் குடுவையும் வலக்கையில் பிடியில்லாத சின்னக் கிண்ணங்களுமாக ஓர் இளைஞர் வந்து, எனக்கு அடிப்பாகம் மட்டும் நனையும்படி ஊற்றினார். பாலும் சர்க்கரையும் இல்லை. ஏலக்காயும் குங்குமப்பூவும் மணக்கும் வெளிர் மஞ்சள் காபி. குடித்து முடித்துக் கிண்ணத்தை நீட்டினேன், மறுபடி ஊற்றினார். மறுபடி நீட்டினேன், மறுபடி ஊற்றினார். ஐந்தாவது கிண்ணத்துக்கு என் மகன் காதோடு சொன்னான்: “அப்பா, போதும்னா கிண்ணத்தை லேசா ஆட்டிட்டுக் குடுங்க.” ஆட்டினேன்; இளைஞர் சிரித்தபடி கிண்ணத்தை வாங்கிக்கொண்டார்.

எதையும் வலக்கையால் வாங்குங்கள். உட்காரும்போது உள்ளங்கால் எதிரில் இருப்பவரைப் பார்த்து நீட்டியிருக்கக் கூடாது. வீட்டுப் பெண்களைப் பற்றித் தனியாக விசாரிக்காமல் ‘வீட்டில் எல்லோரும் நலமா’ என்று கேட்பதே வழக்கம். பேரீச்சம்பழம் நீட்டினால் ஒன்றாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வரும்போது கார்டில் மிச்சம் இருக்கிற பணம் வீண்தானா?

வீணாகாது. வெள்ளி அட்டை ஐந்து ஆண்டு செல்லும். பெயர் பதியாத அட்டையாக இருந்தால் வேறொருவரும் பயன்படுத்தலாம். என்னுடைய அட்டை மேசை இழுப்பறையில் இருக்கிறது. நான் இல்லாமலேயே மூன்று முறை துபாய் போய் வந்துவிட்டது. இப்போது அதில் 11 திர்ஹம் இருக்கிறது. கேட்டு வாங்கிப் போகிறவர்கள், இறங்கியதும் கொஞ்சம் நிரப்பிக்கொள்ளுங்கள், திரும்பி வந்ததும் கொண்டுவந்து கொடுங்கள்.